நார்த்தாமலையிலிருந்து சித்தன்னவாசல் வரை ஒரே நாளில் நடந்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: காலையில் திருச்சியிலிருந்து கிளம்பி நார்த்தாமலை ஏறி, அங்கிருந்து காட்டு வழியாகவே சித்தன்னவாசலுக்கு நடந்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப முடியுமா? மூன்று பேர், ஒருவருக்கு வயது 62. வழிகாட்டி தேவையா? பார்த்தால் தூரக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் எதற்குத் தயாராகப் போவது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது: மலையேற்றத்துக்கா, கோயில் பார்க்கவா? இங்கே உயரம் ஒரு பொருட்டே இல்லை. பாறைச் சூடும் தண்ணீரும்தான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும். இரண்டு இடங்களையும் ஒரே நாளில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இரண்டையும் நடந்து இணைக்க வேண்டாம். 62 வயதுக்காரருக்கு முழங்கால் நன்றாக இருந்தால் அவரும் வரலாம்.

நடந்து இணைக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? படத்தில் நேர்கோடு போட்டால் ஏழு கிலோமீட்டர் அளவுதான் வரும். அந்தக் கோட்டின் மேல் பாதை கிடையாது. காப்புக்காடு வரும், பட்டா நிலம் வரும், வேலி வரும், கல் வெட்டிய பள்ளம் வரும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். ஊர்க்காரர்கள் ஆடு மாடு ஓட்டிப் போகிறார்களே என்றால், அது அவர்களுக்கும் வனத்துறைக்கும் உள்ள ஏற்பாடு, உங்களுக்குப் பொருந்தாது. கோயிலுக்குப் போகும் தடத்தில் நடக்கத் தடையில்லை. அதைவிட்டு உள்காட்டில் நடக்க ஆசையென்றால் புதுக்கோட்டையில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். சாலை வழியாகச் சுற்றி நடக்கலாம்தான், ஆனால் அது நடுப்பகலில் மூன்று மணி நேரம் தார்ச்சாலையில் வேகும் வேலை. அந்த மூன்று மணி நேரத்தை நார்த்தாமலையிலேயே செலவழித்தால் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. இடைத் தூரத்துக்கு ஒரு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள்.

நார்த்தாமலை என்பது ஒற்றை மலையல்ல. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை உட்பட ஒன்பது குன்றுகள் சேர்ந்தது. நாரதர் மலை என்பது தலபுராணக் கதை. நகரத்தார் மலை என்பது திரிந்து நார்த்தாமலை ஆயிற்று என்பார் உண்டு. சொல் மட்டத்தில் இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இது வணிகர்களின் நகரமாக இருந்தது உறுதி. சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரைத் தெலுங்குகுலகாலபுரம் என்றே அழைக்கின்றன, நகரத்தார் சபையின் முடிவுகளையும் பதிந்திருக்கின்றன. இதே ரகத்தில் இன்னொரு செய்தி: தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் இங்கிருந்துதான் போனது என்று எல்லோரும் சொல்வார்கள். பாறை இனமும் தூரமும் பொருந்துகின்றன. கல்வெட்டில் அப்படி எழுதியதை நான் பார்த்ததில்லை. ஆகவே "இருக்கலாம்" என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் வரிசையாகக் குழிகள் கண்ணில் பட்டால் அவற்றின் வடிவத்தைக் கவனியுங்கள். சின்னச் சின்ன நீள்சதுரக் குழிகள் என்றால் ஆப்பு அடித்துப் பிளந்த பழைய முறை. அரைக்குழாய் போல நீண்ட உருண்டைத் தடம் என்றால் இயந்திரத் துளை, நம் காலத்து வேலை. முதலாவது வகையைக் கண்டவுடனே ராஜராஜன் காலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, ஏனென்றால் ஆப்பு முறை சென்ற நூற்றாண்டு வரைக்கும் நடந்தது.

திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூரைத் தாண்டி வருவது நார்த்தாமலைப் பிரிவு. அங்கிருந்து ஊர் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உள்ளே. விரைவுப் பேருந்துகள் பிரிவில் நிற்க மாட்டா. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு, எல்லா நிறுத்தமும் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. பூச்சொரிதலுக்கும் தேருக்கும் ஊரே நிரம்பி வழியும். அமைதியாக நடக்க வந்தவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழாதான் வேண்டுமென்றால் மலையை மறந்துவிடுங்கள். சிறந்த பருவம் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. அப்போது சுனைகள் நிறைந்திருக்கும், புதர்கள் பச்சையாக இருக்கும், பத்து மணி வரை பாறை பொறுத்துக்கொள்ளும். மார்ச்சுக்குப் பிறகு ஒன்பது மணிக்கே சுட ஆரம்பிக்கும்.

மேலமலை அடிவாரத்துக்கு ஆறரை மணிக்குள் வந்துவிடுங்கள். ஏற்றம் செங்குத்தானதல்ல. வழுவழுப்பான வெற்றுப் பாறைச் சரிவு, ஆங்காங்கே வெட்டிய படி. நிதானமாக ஏறினாலும் அரை மணிக்குள் விசயாலய சோழீச்சரம் கோயில் வந்துவிடும். முதல் தவறு காலணியில் நடக்கிறது. கனமான மலையேற்ற ஷூவின் தடித்த பற்கள் மண்ணுக்கும் சேற்றுக்கும் ஆனவை. வழுவழுப்பான பாறையில் அவற்றின் நுனி மட்டும்தான் தொடும், பிடிப்பு குறையும். மென்மையான ரப்பர் அடிப்பாகம் தட்டையாகப் படியும் கேன்வாஸ் ஷூ போதும், அதுவே நல்லது. இரண்டாவது தவறு கறுப்புக் கோடுகளில் கால் வைப்பது. பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் கறுத்த பட்டைகள் மழைநீர் வழியும் தடங்கள். அவற்றில் பாசி காய்ந்து படிந்திருக்கும். லேசாகப் பனி பட்டாலே எண்ணெய் தடவியது போலாகிவிடும். வெளிறிய சொரசொரப்பான பகுதியிலேயே நடங்கள். மூன்றாவது, மேல்தோல் உரிந்து பலகை போல நிற்கும் பாறை. காலால் தட்டினால் உள்ளே கூடு போல ஓசை வரும். அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

வழி தவறுவது ஏறும்போதல்ல, இறங்கும்போது. வெற்றுப் பாறையில் காலடித் தடம் விழாது. சரிவும் நடுவே புடைத்திருப்பதால் மேலே நின்று பார்த்தால் அடிவாரம் தெரியாது. ஐம்பதடி தள்ளி இறங்கினாலும் திடீரென்று செங்குத்தாகும் விளிம்பில் போய் நிற்பீர்கள். ஏறும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஒரு மரம், ஒரு சுனை, கீழே தெரியும் குளத்தின் கரை என்று அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். மேலமலைக்கு வழிகாட்டி தேவையில்லை. மற்ற குன்றுகளுக்கு, அனுமதியோடு போனாலும், ஊர்க்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

மேலே எதை முதலில் பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. விசயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த சிவன் கோயில். அதற்கு எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. ஆகவே காலை வெயில் குடைவரைக்குள் விழும், மாலை வெயில் கோயிலின் முகப்பில் விழும். காலையில் போகும் நீங்கள் நேரே குடைவரைகளுக்குப் போங்கள். பெரியது பதினெண்பூமி விண்ணகரம். ஊரில் சமணர் குடகு என்பார்கள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை, சமணக் குகையாக இருந்து பின்னர் திருமால் கோயிலானது. உள்ளே சுவரில் ஏறக்குறைய ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கின்றன. பலரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முன்னால் இருந்த மண்டபம் போய் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதில் ஓடும் யானை, யாளி வரிசையைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு யானையும் ஒவ்வொரு வேலையில் இருக்கும். அதற்கே இருபது நிமிடம் ஒதுக்கலாம்.

பக்கத்தில் இருக்கும் சின்னது பழியிலி ஈச்சரம். இதன் காலம் ஐயத்துக்கு இடமில்லாதது. பல்லவன் நிருபதுங்கனின் ஏழாம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபமும் நந்திக்குப் பீடமும் எடுப்பித்தாள். கல்வெட்டைப் படிக்க ஆசையென்றால் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து அடித்தால் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து வாசகம் எழுந்து வரும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கவே கூடாது. எண்ணெய் பட்ட கல்லில் தூசி ஒட்டி அடுத்த மழைக்குள் எழுத்து அடைந்துபோகும். தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பெயரைப் பார்த்து விசயாலய சோழன் கட்டியது என்று நினைக்கத் தோன்றும். அங்கே உள்ள கல்வெட்டு வேறு சொல்கிறது. இளங்கோவதியரையன் என்ற சாத்தன் பூதி எடுத்த கோயில் மழையில் இடிந்துபோக, தென்னவன் தமிழதியரையன் என்ற மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான் என்பது செய்தி. விசயாலயன் பெயரில் கோயில் குறிக்கப்படுவது பிற்காலப் பாண்டியர் கல்வெட்டில். ஆகவே முத்தரையர் என்ற சிற்றரசர்கள் கட்டியது என்பதற்கே சான்று வலுவானது. சோழன் பெயர் எப்போது, ஏன் ஒட்டிக்கொண்டது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கட்டட அமைப்பில் கவனிக்க வேண்டியது: வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், இரண்டுக்கும் நடுவே குறுகலான சுற்று. விமானமும் கீழே சதுரமாக ஏறி உச்சியில் வட்டமாகிறது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறு நிற்கின்றன. காவலர் இல்லாத நேரத்தில் கருவறை பூட்டியிருக்கும். கதவுச் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வெளிப்பாறையில் வெறுங்காலோடு பத்தடி நடப்பது வேதனை. பையில் ஒரு ஜோடி தடித்த பருத்திக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். மழையில் இடிந்த கோயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் இடி மழை வரும். அந்த மலைத்தலையில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான். முதல் இடி கேட்டதும் இறங்கிவிடுங்கள். பாறை நனைந்த பிறகு இறங்குவது இரட்டை ஆபத்து.

மேலமலையில் சுனைகள் பல. தலையருவி சிங்கம் என்ற சுனையின் அடியில் நீரில் மூழ்கிய சிவலிங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னரின் அரசி தண்ணீரை இறைக்கச் செய்து வழிபட்டதாக அங்கேயே பொறித்திருக்கிறார்கள். பார்க்கலாம், இறங்கக் கூடாது. சுனையில் ஆள் போவது நீச்சல் தெரியாததால் மட்டுமல்ல. பாறைத் தொட்டியின் பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்து பாசி பிடித்திருக்கும். இறங்குவது எளிது, பிடித்து ஏற இடம் இருக்காது. நன்றாக நீந்துபவர்கூடக் களைத்துத்தான் முழுகுகிறார். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். குரங்கும் மாடும் அதில்தான் வாய் வைக்கின்றன. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கீழிருந்தே கொண்டுபோங்கள். அதில் ஒரு லிட்டரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றைக் கரைத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றுபோய்த் தலை வலித்தால் அது களைப்பல்ல, சூடு ஏறிவிட்டது. நிழலில் உட்கார வைத்து, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, கீழே இறக்க ஏற்பாடு செய்யுங்கள். 62 வயதுக்காரர் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வெயிலில் எப்படி என்று அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மருத்துவம் என் துறையல்ல, அதில் நான் சொல்வது எச்சரிக்கை மட்டும்தான்.

காட்டைப் பற்றி: உயர்ந்த மரங்கள் அடர்ந்த காட்டை எதிர்பார்த்து வராதீர்கள். இது வறண்ட புதர்க்காடு. காரை, சூரை, கிளுவை, வெப்பாலை, உசில், ஆவாரை, பாறை இடுக்கில் சதுரக்கள்ளி. ஆனால் சமவெளியில் கோயில்காடுகளைக் காட்டச் சொல்லுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அய்யனார் கோயிலைச் சுற்றி விட்டுவைத்த காடுகள் இன்னும் இருக்கின்றன. வீரை, காசான், உலக்கைப்பாலை என்று வருடம் முழுக்கப் பச்சை மாறாத மரங்களும், வழியெங்கும் சுடுமண் குதிரைகளும் அங்கேதான். உச்சிவேளையில் நிழல் வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே செருப்பு கூடாது, குச்சி ஒடிக்கக் கூடாது, விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டார்கள். சில காடுகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, முதலில் ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முழுக்கால் சட்டை அவசியம். பயப்பட வேண்டியது பெரிய பாம்புக்கல்ல, சுருட்டை விரியனுக்கு. பெரும்பாலும் ஓரடிக்குச் சற்று மேல்தான் இருக்கும், பாறை நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். கை வைத்து ஏற வேண்டிய இடுக்கில் முதலில் கண் வைத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட காலை ஆட்டாமல் படுக்க வைத்து, 108-க்கு அழைத்து, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைவிட அதிகம் கவனிக்க வேண்டியது மலைத்தேனீ. குகைக் கூரையிலும் பாறை விளிம்பிலும் அடை தொங்கும். வாசனைத் தைலம் போட்டுக்கொண்டு போவது, கல்லெறிவது, புகைப்பது, கூச்சல் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் அடித்துக்கொண்டு நிற்காமல் முகத்தைத் துணியால் மூடி விலகி ஓட வேண்டும். ஆனால் பாறைச் சரிவில் ஓட முடியாது. ஆகவே அடை கண்ணில் பட்டால் அந்த இடத்துக்கே போகாதீர்கள்.

பத்தரைக்குள் மேலமலையை விட்டு இறங்கிவிடுங்கள். ஊருக்குள் வரும் வழியில் கடம்பர்மலை அடிவாரத்தில் இன்னொரு சோழர் காலச் சிவன் கோயிலும், பக்கத்துப் பாறையில் பெரிய கல்வெட்டும் இருக்கின்றன. ஏறத் தேவையில்லை, அரை மணி போதும். உச்சிவேளையைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடுங்கள். வெயிலை வென்றுவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் பிற்பகல் திட்டத்தைக் கைவிடுகிறார்கள்.

சித்தன்னவாசலுக்கு இரண்டரை மணிக்குப் போய்ச் சேருங்கள். நுழைவுச்சீட்டு உண்டு, மூன்று மணிக்குள் வாங்கிவிடுங்கள். முதலில் ஏழடிப்பட்டம் என்ற சமணக் குகை. படிகள் ஏறி, மலைமுகட்டைக் கடந்து, மறுபக்கம் ஒரு குறுகிய பாறை விளிம்பு வழியாகப் போக வேண்டும். இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது, வெயிலில் அதுவும் சுடும். உயரம் கண்டால் தலை சுற்றுபவர் முகட்டிலேயே உட்கார்ந்துகொள்வது நல்லது. உள்ளே சமண முனிவர்களின் கல் படுக்கைகள் பதினேழு, தலைமாட்டில் தலையணை போல மேடு. பெரிய படுக்கையில் தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்து. கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் என்பது எழுத்தின் வடிவத்தை வைத்துச் செய்த கணிப்பு. இருபக்கமும் நூறாண்டு தள்ளி வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். மற்றப் படுக்கைகளின் பெயர்கள் பல நூற்றாண்டு பிந்தியவை, அவை தெளிவாகவே படிக்கக் கிடைக்கும்.

கடைசியில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை, ஏனென்றால் அது மேற்கு பார்த்தது. நாலு மணிக்கு மேல் தூண்களில் வெளிச்சம் விழுந்து அது விதானம் வரை சிதறும். விதான ஓவியத்தில் உள்ள தாமரைக் குளம், மீன், எருமை, யானை, பூக்கொய்பவர்கள் எல்லாம் மங்கித்தான் தெரியும், கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். மகேந்திரவர்மன் காலத்து ஓவியம் என்று பழைய நூல்களில் இருக்கும். வெளிப்பாறையில் உள்ள கல்வெட்டு கிடைத்த பிறகு அந்தக் கருத்து தளர்ந்துவிட்டது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்தான் என்கிறது அது. ஓவியம் அந்தத் திருப்பணியோடு வந்தது என்பதே இப்போது பலரும் ஏற்பது. குடைவரை அதற்கும் முந்தியது, எவ்வளவு முந்தியது என்பதில்தான் வழக்கு. இன்று முன்னால் நிற்கும் தூண் மண்டபத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே இடம் மிகச் சிறியது. மூச்சுக்காற்றின் ஈரம் சுண்ணப் பூச்சுக்கு ஆகாது, மூன்று பேரும் ஒன்றாக உள்ளே நிற்காமல் ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். திரும்பும்போது புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சிக்கு இரவிலும் பேருந்து கிடைக்கும். சித்தன்னவாசல் நிறுத்தத்தில் நின்று காத்திருப்பதைவிட அதுதான் சுலபம், ஆகவே வந்த வண்டியை அனுப்பிவிடாமல் நிறுத்தி வையுங்கள்.